நாற்பத்தோராம் கல்

1773ஆம் ஆண்டு, இலைகள் உதிர்ந்து முடிந்து மழை பிடித்துக்கொண்ட பருவத்தில், யோப்ஸ்ட் கிரெசலை நான் முதன்முதலாகக் கண்டேன். எனக்குத் திருமணமாகிப் பதினொரு நாள்களே ஆகியிருந்தன. என் கணவர் கிர்ஷ்பாக் ஊரின் போதகராக நியமிக்கப்பட்டிருந்தார். தட்டுமுட்டுச் சாமான்களோடும் கூண்டில் அடைத்த ஆறு கோழிகளோடும் நாங்கள் மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தோம். எர்லாவ் குடியிருப்பைத் தாண்டியதும் வண்டி சேற்றில் வழுக்கி, பாதையோரத்துக் கல்லொன்றில் மோதிச் சாய்ந்தது. நான் பள்ளத்தில் விழுந்தேன். கோழிக்கூண்டு என்மேல் விழுந்தது.

வேலியருகே நின்றிருந்த ஒருவர் ஓடிவந்தார். என்னைத் தூக்கிவிடத்தான் வருகிறார் என்றெண்ணிக் கையை நீட்டினேன். அவரோ என்னைத் தாண்டிச் சென்று, அந்தக் கல்லின்முன் மண்டியிட்டு, அதன் தலையை இரு கைகளாலும் தடவிப் பார்த்தார்.

"அசையலை. நல்ல வேளை!" என்றார்.

"ஐயா, என் மனைவி பள்ளத்துல கிடக்கறா," என்றார் என் கணவர்.

"அவங்களே எழுந்துருவாங்க, போதகரே. கல்லு சாஞ்சா நிமிர்த்த ஏழு பேரு வரணும். இப்ப நாங்க மூணு பேருதான் மிச்சம்."

அதன்பிறகே என்னைத் தூக்கிவிட்டார். மறுநாள் காலையில் ஒரு சாடி தேன் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்த அவருடைய மருமகள் உர்சல், "மாமாவுக்கு மனுஷங்களைவிடக் கல்லு மேலதான் பாசம். நீங்க தப்பா நினைக்காதீங்க, போதகரம்மா," என்று சிரித்தாள்.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எர்லாவில் இருந்த பதினொரு வீடுகளுள் குளத்துக்கு அருகிலிருந்தது அவருடையது. இரண்டு எருதுகள், கொஞ்சம் நிலம், பன்னிரண்டு தேன்கூடுகள், எண்ட்ரெஸ் என்று ஒரே மகன். மனைவி முன்னரே இறந்திருந்தாள். இவற்றுக்கெல்லாம் மேலாக, அவர் எழுவரில் ஒருவர்.

எழுவர் என்போர் எல்லைக்கல் நடுவதற்கென்று ஆயுள் முழுமைக்கும் கடவுள்மீது ஆணையிட்டவர்கள். கல்லை நடுவதற்கு முன் அதன் குழியில் அவர்கள் எதையோ வைப்பார்கள். அதனை ஊமைச் சாட்சி என்பார்கள். சுட்ட மண்ணா, உடைந்த ஓடா, கரியா, எத்தனை, எந்த ஒழுங்கில் என்பதெல்லாம் எழுவருக்கு மட்டுமே தெரியும். மனைவிக்கும் சொல்லக்கூடாது, மரணப்படுக்கையிலும் சொல்லக்கூடாது. எவனாவது கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் சாட்சி பழைய இடத்திலேயே கிடக்கும். வழக்கு வந்தால் எழுவர் தோண்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பஞ்சத்து ஆண்டில் வந்த காய்ச்சல் அவர்களுள் நால்வரைக் கொண்டுபோயிருந்தது.

நாங்கள் வந்த அதே குளிர்காலத்தில் ஆஷ்டால் சீமையின் முதிய பிரபு காலமானார். ஆஷ்டால் குடும்பத்தில் சீமையை மூத்த மகனிடம் முழுதாக விடும் வழக்கமில்லை. நான்கு தலைமுறைகளாகப் பங்கிட்டுப் பங்கிட்டு, விடிந்ததும் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குமுன் கடந்துவிடக்கூடிய அளவுக்கு அது சுருங்கியிருந்தது. பங்கிடுவதற்கும் ஒரு முறை உண்டு: மூத்தவர் இரண்டாகப் பிரிக்க வேண்டும், இளையவர் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்தவரான ஆல்பிரெக்ட் பிரபு, வேட்டைப்பித்தரான தம்பி கசிமிர் காட்டுப்பகுதியைத்தான் எடுப்பார் என்று நம்பி, வருமானம் தரும் உப்பூற்று இருந்த கீழ்ப்பகுதியைத் தமக்கென மனத்துக்குள் ஒதுக்கிவைத்துக் கோடு கிழித்தார். தம்பி உப்பூற்றை எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குக் காடும், கல்லும், எர்லாவும், டோர்ன்பாக் ஊரும், தந்தை விட்டுச்சென்ற கடன்களும் மிஞ்சின. அன்று மாலை அவர் தம் வேட்டைநாய்களையெல்லாம் சுட்டுக் கொன்றதாக அரண்மனைச் சமையல்காரி சொன்னாள்.

கோடும் சரியான கோடன்று. தடித்த இறகுப் பேனாவால் கிழித்ததனால், வரைபடத்தில் அது எர்லாவின் மீதே படுத்துக்கிடந்தது. ஆகவே படம் எதையும் தீர்க்கவில்லை, கல்தான் தீர்த்தது. மறுவசந்தத்தில் எழுவருள் எஞ்சிய மூவரும் அறுபது கற்களை நட்டார்கள். நாற்பத்தோராவது கல் எர்லாவுக்குக் கீழே, குளக்கரையில் நின்றது. எனவே எர்லாவ் மேல்சீமையைச் சேர்ந்தது. எங்கள் கிர்ஷ்பாக் கீழ்ச்சீமையில் இருந்தது. தேவாலயம் மட்டும் இரண்டுக்கும் பொது.

இரண்டே ஆண்டுகளில் யோப்ஸ்டின் தோழர் இருவரும் போய்விட்டனர். ஒருவர்மீது மரம் விழுந்தது. மற்றவர் உறக்கத்தில் இறந்தார். புதியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பிரபுவின்முன் ஆணையிடச் செய்ய வேண்டும். எந்தப் பிரபுவின்முன் என்பதில் இரு அரண்மனைகளும் கடிதங்களால் சண்டையிட்டுக்கொண்டே இருந்தன. அந்த இரகசியம் முழுதும் ஒரே ஒரு மனிதரின் தலைக்குள் தங்கிவிட்டது.

1776ஆம் ஆண்டு அக்டோபரில் எர்லாவுக்கு அந்தச் செய்தி வந்தது. கடல் கடந்து போர்நடத்தும் அயல்நாட்டு மன்னர் ஒருவருக்கு, ஆல்பிரெக்ட் பிரபு நூற்றிருபது வீரர்களைத் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். பதினேழு வயது முதல் முப்பது வரை, உடலில் ஊனமில்லாத ஆண்கள். எர்லாவில் அப்படி ஒன்பது பேர் இருந்தார்கள். எண்ட்ரெஸ் அவர்களுள் ஒருவன். உர்சல் அப்போது முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

நவம்பர் தொடக்கத்தில் மூன்று நாள்கள் விடாமல் மூடுபனி கவிந்திருந்தது. பகலிலேயே அடுத்த வீட்டின் புகைபோக்கி தெரியவில்லை. காக்கைகள் மரத்தைவிட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகல், உர்சலுக்குக் கோழிச்சாறு எடுத்துக்கொண்டு வேலியைத் தொட்டுத்தொட்டு எர்லாவுக்கு நடந்தேன். நாங்கள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தபோது யோப்ஸ்ட் தொழுவத்திலிருந்து உள்ளே வந்தார்.

"டேய் எண்ட்ரெஸ், மாடு ரெண்டும் ஏன்டா வேர்த்து நிக்குது?"

"வேர்வை இல்லப்பா. பனி ஈரம்."

"பனி என்ன, நுகத்தடி வைக்கிற இடமாப் பார்த்து விழுதோ?"

உர்சலின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் எழுந்தேன்.

"உக்காருங்க, போதகரம்மா. இவன் என்னத்தைச் செஞ்சு தொலைச்சிருக்கான்னு நீங்களும் கேளுங்க."

எண்ட்ரெஸ் தலையை நிமிர்த்தினான். "ஆமா, நகர்த்திட்டோம். ஒன்பது பேரும் சேர்ந்துதான். குளத்தங்கரையில இருந்த கல்லு இப்ப மேட்டுமேல நிக்குது. இருந்த குழியில புல்லுக்கட்டியைப் போட்டு மூடியாச்சு. இனி எர்லாவ் கீழ்ச்சீமை. ஆள் பிடிக்கத் தம்பட்டம் அடிச்சுக்கிட்டு எவன் வரான்னு பார்ப்போம்!"

"கல்லைத் தூக்கிட்டுப் போனீங்க. சரி. அதுக்குக் கீழ இருந்ததை எவன்டா தூக்கிட்டுப் போனது?"

"கீழ என்ன இருந்துச்சு? மண்ணுதான் இருந்துச்சு."

அது என்னவென்று சொல்ல யோப்ஸ்டின் ஆணை விடாது. அந்த ஒன்பது பேரும் சாட்சியைப் பற்றிப் பாலபருவம் முதல் கேள்விப்பட்டவர்கள்தாம். பிள்ளைகளை மிரட்டுவதற்குச் சொல்லும் கதை என்று நினைத்திருந்தார்கள். தம் சொந்த எருதுகள் அந்தக் கல்லை இழுத்துச் சென்றதை எண்ணித்தானோ என்னவோ, அவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க சும்மா இருந்தாப் போதும்ப்பா," என்றான் எண்ட்ரெஸ்.

"சும்மா இருக்க விடுவாங்களாடா, முட்டாப்பயலே? தோண்டிப் பாருன்னு என்னைத்தான் கூப்பிடுவாங்க. வேற எவன் உசுரோட இருக்கான்?"

"மாமா," என்று உர்சல் மெதுவாகச் சொன்னாள், "மார்ச்சுல எனக்குப் பிரசவம்."

பனியில் நான் வழிதவறிவிடக்கூடாதென்று யோப்ஸ்ட் என்னுடன் நடந்து வந்தார். பாதிவழி வந்துவிட்டோம். பிறகு, "உண்மையைச் சொன்னா எண்ட்ரெஸை முதுகுத்தோல் உரியற மட்டும் அடிச்சு, அதுக்கப்புறம் கப்பல்ல ஏத்துவாங்க. மத்த எட்டுப் பேருக்கும் அதேதான். பொய் சொன்னா எனக்கு மட்டும்தான்," என்றார்.

"உங்களுக்கு என்ன?"

"தெரியாதா உங்களுக்கு? கல்லை நகர்த்தினவன் செத்தாலும் தூங்க மாட்டான். தணலாட்டம் சிவந்த கல்லை மாரோட அணைச்சுக்கிட்டு, இதை எங்க வைக்கட்டும், எங்க வைக்கட்டும்னு கேட்டுக்கிட்டே வரப்புல நடப்பான். அவனுக்காவது ஒருநாள் விடுதலை உண்டு. தெரிஞ்சே பொய்யாணை இட்டா, எழுவர்ல ஒருத்தனுக்கு அதுவும் கிடையாது."

"எரியும் மனிதனைப் பற்றி வேதத்துல எங்கயும் இல்ல, யோப்ஸ்ட்."

"எர்லாவைப் பத்தியும்தான் வேதத்துல இல்ல. ஆனா எல்லைக்குறியை நகர்த்தறவனுக்குச் சாபம் இருக்கே, அம்மா? உங்க வீட்டுக்காரரே பிரசங்கம் பண்ணினாரே?"

வீட்டுக்குள் வந்தபிறகும் நெடுநேரம் என் கைகள் சூடேறவில்லை. கேட்டதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை. அவர் அறிந்தால் அறிவித்தாக வேண்டியவர்.

அதே நவம்பரில், புனித மார்ட்டின் திருநாள் வாரத்தில் முதல் வெண்பனி பெய்து, குளக்கரையின் வடுவை மூடியது. அதற்கு மறுநாள், எர்லாவ் எந்தச் சீமை என்ற வழக்கைத் தீர்க்க இரு சீமைகளின் அதிகாரிகளும் வந்தார்கள். மேல்சீமையிலிருந்து ஒல்லியான செயலரும் ஓர் இளம் படைத்தலைவரும், கீழ்ச்சீமையிலிருந்து பருத்த அதிகாரி ஒருவரும் வந்திருந்தனர். பருத்தவர் வாத்துத்தொடை ஒன்றைத் தாளில் சுற்றி வைத்துக்கொண்டு இடைவிடாமல் தின்றுகொண்டிருந்தார். ஆணையைப் பதிந்துகொள்ள என் கணவர் வரவழைக்கப்பட்டிருந்தார். எர்லாவுப் பெண்களோடு நானும் மேட்டின் சரிவில் நின்றேன்.

"கல் இங்கே இருந்ததாக எனக்கு நினைவில்லை," என்றார் செயலர்.

"நினைவை வச்சா எல்லை போடறோம்?" என்றார் பருத்தவர். "தோண்டச் சொல்லுங்க, ஐயா. குளிருது."

வழக்கப்படி, எழுவர் தோண்டும்போது மற்றவர் அனைவரும் முப்பதடி விலகி, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிரபுவே வந்தாலும் அப்படித்தான். படைத்தலைவர் மட்டும் திரும்பாமல் நின்றார்.

"நீங்களும்தான், ஐயா," என்றார் யோப்ஸ்ட்.

"திரும்பாவிட்டால்? கண் அவிந்துவிடுமா?"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நான் தோண்ட மாட்டேன், அவ்வளவுதான். நீங்க வந்த வழியே போகலாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். நானும் திரும்பி நின்றேன். மண்வெட்டி உறைந்த மண்ணில் விழும் ஓசை கேட்டது. பிறகு நின்றது. அங்கே ஒன்றுமில்லை என்று அறிந்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒருசிலரே; ஆயினும் எல்லாருடைய மூச்சும் அடங்கியிருந்தது. உர்சல் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அவர் அந்த வெறுங்குழியின்முன் எவ்வளவு நேரம் மண்டியிட்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வேண்டுதலை முழுதாகச் சொல்லி முடிக்கும் நேரமாவது இருக்கும்.

"திரும்பலாம்," என்றது குரல்.

முழங்கை வரை மண்ணோடு அவர் நின்றிருந்தார். "கல்லு இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"சாட்சிகள்?" என்று கேட்டார் செயலர்.

"இருக்கு."

"கடவுள்மீது ஆணையாக?"

யோப்ஸ்ட் வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்தினார். "ஆணையா."

என் கணவரின் இறகு தாளில் கீறிய ஓசை எனக்குக் கேட்டது. பருத்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எர்லாவ் எங்களோடது," என்றார். செயலர் கோபம்கூடக் கொள்ளவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே படைத்தலைவரிடம், "நூற்றிருபது என்றால் நூற்றிருபதுதான், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்பது பிரபுவின் கட்டளை. இங்கே ஒன்பது போனால், அந்த ஒன்பதையும் டோர்ன்பாக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

யோப்ஸ்ட் அருகிலேயே நின்றிருந்தார். அவர் உயர்த்திய கை இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. அவருடைய வாய் திறந்ததை நான் கண்டேன். சரிவில் எண்ட்ரெஸ் நின்ற திசையை அவர் நோக்கினார். பிறகு வாய் மூடிக்கொண்டது.

பிப்ரவரியில் அவர்கள் புறப்பட்டார்கள். டோர்ன்பாக்கிலிருந்து பதினெட்டுப் பேர். வழக்கமான பங்கு ஒன்பது, மேற்கொண்டு ஒன்பது. எங்கள் தேவாலயத்தைக் கடந்துதான் பாதை சென்றது. தப்பியோடாதபடி இருவர் இருவராக மணிக்கட்டில் கயிறு பூட்டியிருந்தார்கள். குனிகுண்டா என்னும் கைம்பெண் கட்டுண்டு சென்ற தன் மகன் லெனார்ட்டின் பக்கமாகச் சேற்றில் ஓடிவந்தாள். வீரன் ஒருவன் அவளைத் தடியால் தடுத்தான். அவள் திரும்பியபோது எதிரே யோப்ஸ்ட் நின்றிருந்தார்.

"எர்லாவுக்காரங்களுக்கு அதிர்ஷ்டம்தான், யோப்ஸ்டண்ணே," என்றாள் மூச்சுவாங்க. "எங்க ஊருக்கும் ஒரு கல்லைக் கொஞ்சம் தள்ளி நட்டிருக்கக்கூடாதா நீங்க?"

துக்கம் தாங்காமல் சொன்ன வேடிக்கைப்பேச்சுத்தான். அவள் ஒன்றும் அறியாதவள். அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

உர்சலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று தாத்தா பிள்ளையைக் கையில் வாங்க மறுத்தார். அந்த ஈஸ்டர் முதல் அவர் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு வரவில்லை. என் கணவர் இருமுறை வினவியபோது, "வயிறு சரியில்லை," என்றார். ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லைவழியே தனியாக நடந்தார். அறுபது கற்களில் ஐம்பத்தொன்பதின் தலையைத் தொடுவார். நாற்பத்தோராவது வந்ததும் வயலுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார். சனிக்கிழமைதோறும் டோர்ன்பாக்குக்குப் போய்க் குனிகுண்டாவுக்கு விறகு பிளந்து கொடுத்தார். "உங்களைப் போல ஒரு நல்ல மனுஷனை நான் பார்த்ததில்லை," என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள். அதைக் கேட்பதற்காகவேதான் அவர் அங்கே போய்வந்தார் என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியது. சிலர் சவுக்கடி வாங்கப் போவதுபோல.

அந்தி வேளைகளில் குளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே சிவந்த வெளிச்சம் ஒன்று அசைவதாக ஊரார் பேசத்தொடங்கினர். யார் இறந்துவிட்டார்கள், யாருடைய ஆவி என்று ஆராய்ந்தார்கள். எர்லாவில் அந்த ஆண்டு யாருமே இறக்கவில்லை. யோப்ஸ்ட் அந்தப் பேச்சைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விடுவார். நான் அந்த வெளிச்சத்தைக் கண்டதில்லை. அந்தி சாய்ந்தபின் அவ்வழியே போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

1783ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் போர் முடிந்து எஞ்சியவர்கள் திரும்பினார்கள். டோர்ன்பாக்கின் பதினெட்டுப் பேரில் நால்வர் வந்தனர். லெனார்ட் வரவில்லை, கடலைக் கடந்து முடிக்கும் முன்பே கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தானாம். கடலில் போட்டுவிட்டார்களாம். குனிகுண்டா அதன்பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள். யோப்ஸ்ட் விறகு பிளக்கும்போது அவள் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, தெரியவில்லையோ. "அதுதாம்மா தாங்க முடியலை," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "திட்டிட்டா நிம்மதியா இருக்கும்."

1785ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். நான்காம் நாள் என் கணவர் திருவிருந்துப் பாத்திரங்களுடன் போனார். யோப்ஸ்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று பிற்பகல் என்னை வரச்சொல்லி ஆளனுப்பினார். எண்ட்ரெஸையும் உர்சலையும் நான்கு பேரப்பிள்ளைகளையும் வெளியே போகச்சொன்னார். வெறுங்குழியையும், செயலரின் சொல்லையும், வாய் திறந்து மூடிய அந்தக் கணத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சாட்சி எதுவென்று மட்டும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று ஆஷ்டால் என்றொரு சீமையே இல்லை. இரு பாதிகளையும் ஒரு பெரிய அரசு விழுங்கிவிட்டது. எண்ட்ரெஸும் மண்ணுக்குள் போய்விட்டான். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

"கடவுள்கிட்டக் கேளுங்க, யோப்ஸ்ட், மன்னிப்பார்," என்றேன்.

"கேட்டா, செஞ்சதுக்கு வருத்தப்படறேன்னு சொல்லணுமே, அம்மா. லெனார்ட்டுக்காக வருத்தப்படறேன். எண்ட்ரெஸ் வாசல்ல நிக்கறதைப் பார்த்தா வருத்தம் வரமாட்டேங்குது. பாதி வருத்தத்தை அவரு வாங்கிக்குவாரா?"

எங்கள் பக்கத்தில் இறந்தவர்களை வெள்ளைச் சட்டையும் கம்பளிக் காலுறையும் அணிவித்து அடக்கம் செய்வார்கள். காலணியை எவரும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை. தோல் உயிரோடிருப்பவர்க்கு உதவும். இறந்தவர்க்கு நடை முடிந்துவிட்டது. யோப்ஸ்ட் கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவி, தம் கனத்த காலணிகளை வெளியே இழுத்தார். அதற்குள் அவருக்கு மூச்சிரைத்தது.

"இதை எனக்கு மாட்டிவிடச் சொல்லுங்க, போதகரம்மா. அடியில ஆணியெல்லாம் தேஞ்சு போச்சு. எண்ட்ரெஸ்கிட்டச் சொல்லிப் புதுசா அடிச்சு வாங்குங்க. எதுக்குன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லாதீங்க. நிறைய நடக்க வேண்டியிருக்கு."